குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது டென்ஷன் குறைய எங்கே காசு போட வேண்டும்? படிப்படியாக

சம்பளம் வந்ததும் ஈஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ், மளிகை என்று பிரித்துக் கொடுத்துவிட்டு மீதியை மிச்சம் பிடிக்கத் தெரிந்த குடும்பங்கள் நம்மில் நிறைய. அதே குடும்பம் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிற அன்று பாருங்கள். ஆட்டோ கேட்கிற காசு அதிகம் என்று மூட்டை முடிச்சோடு பஸ் ஏறி, எழும்பூர் போய்ச் சேர்வதற்குள் கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்தி, சின்னது அழுது, கூட வந்த பெரியவர் "நான் வராமலே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிடுவார். அந்த ஆட்டோ காசு மிச்சமானது உண்மைதான், ஆனால் லீவின் முதல் இரண்டு நாள் போய்விட்டது.

நான் இங்கே சொல்லப்போவது ஒரே விஷயம். வீட்டில் குரல் உயர்கிற இடம் எது என்று பார்த்து அங்கே காசைப் போடுங்கள், போட்டாலும் போடாவிட்டாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாத இடத்தில் குறையுங்கள். உதாரணத்துக்குச் சென்னையில் இருக்கும், திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர் உள்ள, இரண்டு பிள்ளைகளும் ஒரு பாட்டியும் இருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் வேறு என்றால் ரயில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் மூன்று படிகள் வீட்டில் செய்ய வேண்டியவை, மற்றவை பயணத்துக்கு.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. கிரெடிட் கார்டு பாக்கியோ நகைக்கடன் வட்டியோ ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை முடியுங்கள். கடன் வாங்கி நிம்மதி தேட முடியாது, அடுத்த மாதம் அதற்கே சண்டை வரும்.

படி 1: ஒரு மாதத்துக்குக் குறித்து வையுங்கள்

பால் கணக்கும் கேஸ் வந்த தேதியும் எழுதுகிற மாதக் காலண்டர் சுவரில் இருக்குமே, அதில் எழுதினால் போதும், ஆப் எதுவும் வேண்டாம். வீட்டில் யாராவது எரிந்து விழுந்த நாளில் இரண்டே வார்த்தை எழுதுங்கள்: "இஸ்திரி – காலை", "ராத்திரி பாத்திரம்", "டியூஷன் கூட்டிவர ஆள் இல்லை". யார் மேல் தப்பு என்று எழுதாதீர்கள், எழுதினால் அந்தக் காலண்டரே அடுத்த சண்டைக்குக் காரணமாகிவிடும். எந்த வேலை, எந்த நேரம், அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் பார்த்தால் பெரிய பெரிய பிரச்சினைகள் என்று நினைத்தவை பாதிக்கு மேல் காலை ஏழிலிருந்து எட்டரைக்குள்ளும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் குவிந்திருக்கும். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான்.

படி 2: காசால் தீர்வதையும் தீராததையும் பிரியுங்கள்

இது முக்கியம், அவசரப்படாதீர்கள். இஸ்திரி வண்டிக்காரரிடம் துணியைக் கொடுத்தால் காலைச் சண்டை ஒன்று தீரும். வாரத்தில் இரண்டு நாள் கடையில் மாவு வாங்கினால் கிரைண்டர் கழுவுகிற வேலை குறையும். பாத்திரம் தேய்க்க ஒருவரை வைத்தால் ராத்திரி பத்து மணிக்கு சிங்க்கைப் பார்த்து வருகிற கோபம் போகும். இவை காசால் தீர்பவை.

வீட்டு வேலை மொத்தமும் ஒருத்தர் தலையில் இருக்கிறது, மற்றவர் எழுந்து ஒரு தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லை என்பது வேறு விஷயம். அதற்கு வேலைக்கு ஆள் வைத்தால், அந்த ஆள் லீவு போடுகிற அன்று பழைய சண்டை அப்படியே திரும்ப வரும். அதை உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். காசை அதன் மேல் போட்டு மூடாதீர்கள்.

காலண்டரில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அதை மட்டும் எடுத்து ஒரு மாதம் காசு போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது, பட்ஜெட்டும் தாங்காது. வேலைக்கு வருகிறவரிடம் கூலி பேசும்போது உங்கள் நிம்மதிக்கான விலையைத்தான் பேசுகிறீர்கள் என்பதை மனதில் வையுங்கள், அவரிடம் நூறு ரூபாய் அடித்துப் பேசாதீர்கள். பண்டிகை லீவையும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இதற்கென்று காசைத் தனியாக ஒதுக்குங்கள்

வங்கி ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, போன மூன்று மாதத்தில் போன காசில் எது ஞாபகமே இல்லை என்று பாருங்கள். பார்க்காத ஓடிடி சந்தா, தள்ளுபடி என்பதற்காக வாங்கிப் பிரிக்காமல் கிடக்கும் பொருள், சமைக்க முடியாமல் களைத்துப் போன ராத்திரிகளில் ஆர்டர் செய்த சாப்பாடு. கடைசியில் சொன்னது கவனிக்க வேண்டியது, ஏனென்றால் அது படி 2-இல் வரவேண்டிய செலவு, தப்பான கதவு வழியாக வருகிறது. பாத்திரமும் மாவும் பார்த்துக்கொள்ளப்பட்டால் அந்த ஆர்டர் தானாகவே குறையும்.

அங்கே கிடைக்கும் தொகையை ஊர்ப் பயணத்துக்கென்று ஒரு ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். அஞ்சலக ஆர்டி 5 வருடக் கணக்கு, இதற்கு ஒத்துவராது. வங்கிகளில் 6 மாதம், 12 மாதம் என்று குறுகிய காலத்துக்கும் கிடைக்கும். தீபாவளிச் சீட்டு கட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. சம்பளம் வந்த மறுநாளே தானாக எடுத்துக்கொள்ளும்படி செய்துவிடுங்கள்.

இன்னொன்று, கணவன் மனைவி இருவருக்கும் கேட்காமலே செலவழிக்க ஒரு தொகை பேசிவையுங்கள். பயணத்தில் ஒரு போர்ட்டரைக் கூப்பிடவும் ஒரு இளநீர் வாங்கவும் மற்றவர் முகத்தைப் பார்க்கிற நிலைமை இருக்கவே கூடாது.

படி 4: ரயில் டிக்கெட்

சரி, இப்போது பயணத்துக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் யோசித்துச் செலவழித்தால் நிறைய மிச்சமாகும், காசும் சேர்த்துத்தான்.

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 12-ஆம் தேதி கிளம்ப வேண்டும் என்றால் நவம்பர் 13 காலை போனும் கையுமாக உட்கார வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸ், பொதிகை, பாண்டியன் எல்லாம் பொங்கல் சமயத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். திரும்பி வரும் டிக்கெட்டுக்கு அந்தத் தேதியிலிருந்து தனியாக 60 நாள் எண்ண வேண்டும், இதைப் பலர் மறந்துவிட்டு ஊரில் உட்கார்ந்துகொண்டு தட்கலுக்கு அல்லாடுகிறார்கள். தட்கல் என்பது முந்தின நாள் காலை, ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. கன்ஃபர்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் காசு திரும்ப வராது. அதுவும் கிடைக்காமல் ஆம்னி பஸ்ஸுக்குப் போனால் பண்டிகை விலை. ஆக, அந்த நவம்பர் காலை அரை மணி நேரம்தான் முழுப் பயணத்திலும் பெரிய சேமிப்பு.

எங்கே கூடுதலாகச் செலவழிக்கலாம்? பிள்ளைகளுக்கு பெர்த் எடுங்கள். 5 வயது முதல் 12 வயதுக்குள் இருந்தால், பெர்த் வேண்டாம் என்று சொன்னால் அரை டிக்கெட், பெர்த் வேண்டும் என்றால் முழு டிக்கெட். எட்டு வயதுப் பிள்ளையை ஒரே பெர்த்தில் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு இரவு முழுக்கத் தூங்காமல் வருகிற அம்மாவுக்கு மறுநாள் மாமியார் வீட்டில் எந்தப் பேச்சும் குத்தலாகத்தான் கேட்கும். அந்த அரை டிக்கெட்டை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பாட்டிக்குக் கீழ் பெர்த். இதற்குக் காசே தேவையில்லை, விவரம் தெரிந்தால் போதும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ, அந்த வயதுள்ள இருவராகவோ ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் அது பொருந்தும். குடும்பம் மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. எனவே பாட்டிக்குத் தனி டிக்கெட், அதே ரயிலில் அதே வகுப்பில். பெட்டி மாறி விழுந்தாலும் பரவாயில்லை, வயதானவர் நடு பெர்த்தில் ஏற முடியாமல் தெரியாதவர்களிடம் கெஞ்சுகிற நிலைமையை விட இது எவ்வளவோ மேல்.

எழும்பூரிலிருந்து நெல்லைக்கு 2023 செப்டம்பர் 24 முதல் வந்தே பாரத் ஓடுகிறது, உட்கார்ந்தே போகிற பகல் ரயில், சுமார் எட்டு மணி நேரம். பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்களாகி, முதுகு வலிக்காத பெரியவர்கள் கூட வந்தால் நல்ல செலவு. கைக்குழந்தை இருந்தால் நான் இரவு ரயிலைத்தான் சொல்வேன், குழந்தை தூங்குகிற நேரமும் ரயில் ஓடுகிற நேரமும் ஒன்றாகிவிடும்.

அரசு பஸ்ஸில் போகிறவர்கள் கவனத்துக்கு: 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென் மாவட்ட பஸ்கள் அங்கிருந்துதான். பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் அதுவரை போகும் வண்டிக் காசையும் நேரத்தையும் பயணச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: கிளம்புகிற நாள்

ஸ்டேஷனுக்கு வண்டி. இதில் விவாதமே வேண்டாம். பெட்டி, பிள்ளைகள், பெரியவர் மூன்றும் இருந்தால் டாக்ஸிதான். கட்டுச்சோறு கட்டுவது நல்ல பழக்கம், ஆனால் ஆபீஸ் முடிந்து வந்து அன்றே புளியோதரை கிளற வேண்டியதில்லை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைத் தெருமுனை மெஸ்ஸில் முந்தின நாளே சொல்லிவைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

காரில் போகிறீர்கள் என்றால், கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டரை வீட்டில் ஒருவரே ஓட்டுவதை விட, நாள் கூலிக்கு வரும் ஆக்டிங் டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்வது எவ்வளவோ நல்லது. அவருக்குச் சம்பளம், பேட்டா, சாப்பாடு எல்லாம் முன்பே பேசி, ராத்திரி ஓட்டச் சொல்லாமல் விடிகாலையில் கிளம்புங்கள். அடிக்கடி போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டாக் வருடாந்திர பாஸ் வந்திருக்கிறது, வந்தபோது 3000 ரூபாய், தேசிய நெடுஞ்சாலைகளில் 200 முறை சுங்கச்சாவடி கடக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை போகிறவருக்கு அது வேண்டாம்.

படி 6: ஊரில், சமையற்கட்டு

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி குடும்பங்கள் எல்லாம் வந்து சேர்ந்தால் பன்னிரண்டு, பதினைந்து பேர். காலை இட்லி முடிவதற்குள் மதியக் குழம்பு, அது முடிவதற்குள் மாலை காபி. ஆண்களும் பிள்ளைகளும் குற்றாலம் போய் ஐந்தருவியில் குளித்துவிட்டு வருவார்கள், பெண்கள் நான்கு நாளும் அடுப்படியில் நின்றுவிட்டு "லீவு நல்லா போச்சு" என்று சொல்லிக்கொண்டு ரயில் ஏறுவார்கள். எனக்கு இது மனதைப் பிசைகிற விஷயம்.

அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அந்த நாட்களுக்கு மட்டும் ஊரிலேயே கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற ஒரு அம்மாவையும் பாத்திரம் தேய்க்க ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள். மொத்தச் செலவைக் குடும்பங்களுக்குப் பிரித்தால், ஒருநாள் ஹோட்டலில் எல்லாரும் சாப்பிடுகிற பில்லை விடப் பெரிதாக வராது.

ஆனால் கேட்கிற விதம் முக்கியம். மருமகள் போய்ச் சொன்னால் "எங்க வீட்டுல ஆள் வச்சுச் சமைச்சது கிடையாது" என்று பதில் வரலாம். மகன்தான் பேச வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்கு முன்பே போனில்: "அம்மா, இந்தத் தடவை நீ அடுப்படியில நிக்கக் கூடாது, எங்ககூட உக்காந்து சாப்பிடணும். என்ன வைக்கணும்னு மட்டும் நீ சொல்லு." பொங்கல் பானையை அம்மாதான் ஏற்ற வேண்டும், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. மருமகள் பங்குக்கு "அத்தை, உங்க சொதி நீங்க வச்சாத்தான் வரும், அதை மட்டும் நாம சேர்ந்து வைப்போம்" என்று சொன்னால் போதும். மதினியிடமும் முன்பே கலந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மெட்ராஸிலிருந்து காசைக் காட்டுகிறார்கள் என்று ஆகிவிடும்.

சுற்றிப் பார்ப்பதில் ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். திருச்செந்தூரில் பெரியவரும் குழந்தையும் இருந்தால் கட்டண தரிசன வரிசைக்குக் கொடுங்கள்.

படி 7: திரும்பி வந்த நாள்

எல்லாரும் விட்டுவிடுகிற இடம் இது. காலையில் வந்து இறங்கி அன்றே ஸ்கூல், ஆபீஸ் என்று வைக்காதீர்கள். முடிந்தால் ஒரு நாள் லீவைப் பயணத்தில் குறைத்து இங்கே வையுங்கள். வேலைக்கு வருகிறவரிடம் அன்று காலை வந்து வீடு பெருக்கித் தரும்படி முன்பே சொல்லிவிட்டுப் போங்கள், கூடுதலாகக் கொடுங்கள். முதல் வேளைச் சாப்பாடு கடையில்.

காசு நெருக்கடியான வருடம் என்றால் இத்தனையும் முடியாது. அப்போது என் வரிசை இது: முதலில் பிள்ளையின் பெர்த், அடுத்து ஸ்டேஷனுக்கு வண்டி, அதற்கடுத்து ஊரில் சமையலுக்கு ஆள். சமையலுக்கு ஆள் வைக்க முடியாமல் போனால் ஒரு வேளையாவது, மதியச் சாப்பாட்டையாவது வெளியில் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு அத்தையும் மதினியும் உங்களோடு குற்றாலம் வரட்டும்.