இணைய ஆளுகை வரைவுக்குக் கருத்து அனுப்புவது எப்படி?

இணையப் பெயர், எண் முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகேன் (ICANN) அமைப்பு வெளியிடும் கொள்கை வரைவானாலும், இணையத்தை யார், எப்படி நிர்வகிப்பது என்று பேச 2014-லும் 2024-லும் பிரேசிலின் சாவ் பாவுலோவில் கூடிய நெட்முந்தியால் (NETmundial) மாநாட்டின் வரைவானாலும், அரசுகள், நிறுவனங்கள், தொழில்நுட்ப வல்லுநர்கள், குடிமைச் சமூகம் என எல்லாத் தரப்பும் ஒரே ஆவணத்தின் மேல்தான் கருத்து எழுதுகின்றன. இதுதான் பல்தரப்புக் கலந்தாய்வு. யாரும் எழுதலாம். எழுதியது ஆவணத்தில் ஏறுமா என்பது எழுதும் விதத்தைப் பொறுத்தது.

முதலில் நாள் கணக்கு. ஐகேன் வழக்கமாகக் குறைந்தது 40 நாள் தரும். ஆனால் இணையப் பெயர், எண் முகவரிகளின் மேற்பார்வையை அமெரிக்க அரசிடமிருந்து விடுவிக்கும் ஏற்பாட்டில், ஐகேனின் பொறுப்புக்கூறல் குறித்த மூன்றாவது வரைவுக்கு 2015 நவம்பர் 30 முதல் டிசம்பர் 21 வரைதான் அவகாசம் கிடைத்தது. நிர்வாகக் குழுவைக் கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டிய சங்கங்களுக்கு இது போதவே போதாது. அதனால் வரைவு வந்த வாரத்திலேயே இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுத்துவிடுங்கள். கடைசி நேரம் 23:59 யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் இந்தியா, இலங்கை நேரப்படி அது மறுநாள் காலை 5:29. அதை நம்பி இருக்காதீர்கள். ஒருநாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, பழைய ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். இந்தத் துறையில் சண்டை பெரும்பாலும் ஒரு சொல்லின் மேல்தான் நடக்கும். 2005-இல் துனிசில் நடந்த ஐ.நா. உச்சி மாநாட்டில் நாடுகள் ஏற்ற ஆவணத்தின் 34-ஆம் பத்தி, அரசுகளும் தனியார்துறையும் குடிமைச் சமூகமும் 'தத்தமது பங்கில்' இணைய ஆளுகையில் ஈடுபடும் என்கிறது. அடுத்த பத்தியோ, பொதுக் கொள்கை வகுக்கும் அதிகாரம் அரசுகளின் இறையாண்மை உரிமை என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், மற்றவர்களை வெளியே நிறுத்த 'தத்தமது பங்கில்' என்ற சொற்களே போதும். 2014 நெட்முந்தியால் அறிக்கை அந்தச் சொற்களை நீக்கவில்லை. பேசப்படும் பொருளுக்கேற்ப அந்தப் பங்கை நெகிழ்வாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சேர்த்தது. பழைய சொல்லை நீக்கக் கேட்பதைவிட, அதன் பொருளை விரிக்கும் ஒரு தொடரைச் சேர்க்கக் கேட்பது எளிதில் நடக்கும். நீக்கினால் அதை ஏற்கெனவே ஏற்ற நாடுகள் எதிர்க்கும்.

இனி எழுதும் முறை. 2014 நெட்முந்தியாலுக்கு முதல் சுற்றிலேயே 180-க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்தன. பிறகு வரைவைப் பத்திவாரியாக மீண்டும் கருத்துக்குத் திறந்தார்கள். தொகுப்பவர் இத்தனையையும் பத்தி எண் வாரியாகத்தான் அடுக்க முடியும். ஆகவே ஒவ்வொரு கருத்திலும் பத்தி எண், இப்போதுள்ள வரி, அதற்குப் பதிலான வரி, காரணம் ஆகிய நான்கும் இருக்கட்டும். காரணம் மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.

"வளரும் நாடுகளின் குரல் புறக்கணிக்கப்பட்டுள்ளது" என்று எழுதினால் அது எந்தப் பத்தியிலும் உட்காராது. அதையே இப்படி எழுதலாம் (பத்தி எண்ணும் வரிகளும் மாதிரிக்காக): "பத்தி 12. 'கலந்தாய்வு எல்லோருக்கும் திறந்திருக்கும்' என்பதற்குப் பிறகு, 'கருத்துக் காலம் மொழிபெயர்ப்பு வெளியான நாளிலிருந்து எண்ணப்படும்' என்று சேர்க்கவும். காரணம்: ஆங்கில வரைவு முதலில் வந்து மொழிபெயர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தால், மற்ற மொழியினருக்கு 40 நாளில் பாதிகூட மிஞ்சாது." புகார் அதேதான். ஆனால் இதை எடுத்து அப்படியே வரைவில் ஒட்ட முடியும்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, குட்டி வாக்கியங்களாக மாற்றுங்கள். நம்மால் மட்டுமே சொல்லக்கூடியவையும் உண்டு. டொமைன் பெயர்களில் தமிழ் எழுத்துகளுக்கான விதிகளின் வரைவும் பொதுக் கருத்துக்கு வந்ததுதான். ஸ் போட்ட 'ஸ்ரீ'யும் ஶ் போட்ட 'ஶ்ரீ'யும் திரையில் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். 'ஔ'வுக்கும் 'ஒள'வுக்கும் இதே சிக்கல். இதை வைத்துப் போலித் தளம் நடத்த முடியும் என்பது தமிழ் வாசிப்பவர் கண்ணுக்குத்தான் உடனே படும். யூனிகோடு எண்ணோடு எழுதுங்கள்: ஸ என்பது U+0BB8, ஶ என்பது U+0BB6.

ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்புவதில் பலன் குறைவு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 டிசம்பரில், இணையத் தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்கும் கட்டண வேறுபாடு பற்றி நான்கு கேள்விகள் கேட்டபோது, லட்சக்கணக்கில் வந்த ஒரே அச்சிலான கடிதங்கள் அந்தக் கேள்விகளுக்குப் பதிலே சொல்லவில்லை. டிராய் அதை வெளிப்படையாகவே சுட்டிக்காட்டியது; 2016 பிப்ரவரி 8-இல் கட்டண வேறுபாட்டைத் தடைசெய்தது. நூறு பேர் இருந்தால் பத்திகளைப் பங்கிட்டு எழுதுங்கள்.

பிடித்த பத்திக்கும் "இப்படியே இருக்கட்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால் அதன் மேல் எதிர்ப்பு மட்டுமே பதிவாகும். இரண்டாம் விருப்பத்தையும் சொல்லிவிடுங்கள். 2014 நெட்முந்தியாலில் இணையச் சமநிலைக்கு (எல்லாத் தளங்களின் தரவையும் சமமாக நடத்துவதற்கு) பலர் வாதாடியும், அது மேலும் பேச வேண்டியவை என்ற பட்டியலுக்குத்தான் போனது. முழுக் கோரிக்கை நடக்காவிட்டால் எதை ஏற்பீர்கள் என்பது தொகுப்பவர் கையில் இருக்க வேண்டும். எந்தத் தரப்பாக எழுதுகிறீர்கள், யார் பணம் தருகிறார்கள் என்பதையும் மேலேயே சொல்லுங்கள். பின்னால் வெளிவந்தால் மொத்தக் கருத்தும் மதிப்பிழக்கும்.

நேரில் பேச வாய்ப்புக் கிடைத்தால் 2 நிமிடத்துக்குத் தயாராகுங்கள். பேச்சின் பிரதியை முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுங்கள், பத்தி எண்ணை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

அனுப்பியதோடு வேலை முடியவில்லை. சுருக்க அறிக்கை வந்ததும் உங்கள் கருத்து சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். திரித்திருந்தால் உடனே எழுத்தில் திருத்தம் கேளுங்கள். பிறகு புதிய வரைவைப் பழையதோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஐகேன் பொறுப்புக்கூறல் வரைவில் 2015 ஆகஸ்டில் இருந்த 'ஒற்றை உறுப்பினர்' ஏற்பாடு, வந்த கருத்துகளுக்குப் பிறகு நவம்பர் வரைவில் 'ஒற்றை நியமிப்பாளர்' என்று மாறிவிட்டது. முந்தைய சுற்றின் கடிதத்தையே மறுபடி அனுப்பினால், ஆவணத்தில் இல்லாத ஏற்பாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.