ஸ்பெக்ட்ரமுக்கு விரிவாக்க அட்டை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1982இல் கேம்பிரிட்ஜின் சின்கிளேர் நிறுவனம் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினிக்கு இன்றும் ஆர்வலர்கள் புதிய அட்டைகள் செய்கிறார்கள். எஸ்டி கார்டிலிருந்து விளையாட்டுகளை ஏற்றுபவை, ஜாய்ஸ்டிக்கை இணைப்பவை, ஒலியைச் சேர்ப்பவை என்று பல வகை. புதிதாக வருபவர்களோ, முன்னால் வந்தவர்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பற்றவைப்பு சரியில்லை, ஐசி தலைகீழாக இருக்கிறது என்பவற்றை நான் எழுதப்போவதில்லை. அவை பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

தடுப்பு இல்லாத கனெக்டர்

ஸ்பெக்ட்ரமின் பின்பக்கத்து எட்ஜ் கனெக்டரில், அதாவது அட்டையைச் செருகும் போர்டின் விளிம்பில், மேலும் கீழுமாக 28 இடங்கள் உள்ளன. ஐந்தாவது இடத்தில் போர்டிலேயே ஒரு வெட்டு இருக்கும். அட்டையின் கனெக்டரில் அதே இடத்தில் சிறு தடுப்பு இருந்தால் அது ஒரே விதத்தில்தான் உள்ளே போகும். கடையில் வாங்கும் கனெக்டர்கள் பலவற்றில் அந்தத் தடுப்பு இருப்பதில்லை. "கண்ணால் பார்த்துச் செருகிக்கொள்வேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

கீழ் வரிசையைப் பாருங்கள். மூன்றாவது இடம் 5 வோல்ட், நான்காவது சீராக்கப்படாத 9 வோல்ட், வெட்டைத் தாண்டியதும் கிரவுண்ட். கனெக்டர் ஓர் இடம், அதாவது 2.54 மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலே அட்டையின் 5 வோல்ட் தடம் கணினியின் 9 வோல்ட்டைத் தொட்டுவிடும்.

இதைவிட மோசமானது, மின்சாரம் இருக்கும்போதே அட்டையைச் செருகுவதும் உருவுவதும். இந்தக் கணினிக்கு சுவிட்ச் கிடையாது, எரிகிறதா என்று காட்டும் விளக்கும் கிடையாது. டிவியை அணைத்தவுடன் எல்லாம் அணைந்துவிட்டதாக எண்ணி அட்டையை உருவுகிறார்கள். கனெக்டர் சாய்ந்து, பக்கத்துப் பக்கத்து முனைகள் ஒரு கணம் உரசினால் போதும். 9 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டையும் மைனஸ் 5 வோல்ட்டையும் உண்டாக்கும் சுற்றில் உள்ள டிஆர்4 டிரான்சிஸ்டர் போய்விடும். அதோடு நிற்பதும் இல்லை. கீழ் 16 கே நினைவகத்தின் எட்டு 4116 சிப்களுக்கும் 5, 12, மைனஸ் 5 ஆகிய மூன்றும் வேண்டும். மைனஸ் 5 நின்று மற்றவை தொடர்ந்தால் சிப்கள் கெட்டுப்போகும்.

ஓர் இளைஞர் இப்படி ஒரு கணினியைக் கொண்டுவந்தார். திரை முழுக்க வண்ணக் கோடுகள். நினைவகம் போய்விட்டது என்று அவர் சரியாகவே கண்டுபிடித்திருந்தார். ஆனால் மின்னழுத்தத்தை அளக்காமல் புதிய 4116களைப் போட்டிருந்தார். டிஆர்4 செத்துக் கிடந்ததால் அவையும் போயின. அந்தச் சிப்பை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பழைய இருப்பிலிருந்தோ இன்னொரு கணினியிலிருந்தோதான் எடுக்க வேண்டும். முதலில் மின்சுற்றைச் சரிசெய்து, மல்டிமீட்டரில் மூன்று மின்னழுத்தங்களையும் பார்த்த பிறகே சிப்பைத் தொடுங்கள்.

தடுப்பைச் செய்வதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. கனெக்டரின் ஐந்தாவது இடத்து முனைகள் இரண்டையும் பிடுங்கிவிட்டு, பழைய போர்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டை அங்கே ஒட்டுங்கள். அட்டையைத் தொடும் முன் கணினியின் மின்கம்பியைக் கழற்றி வெளியே வையுங்கள்.

முகவரியைப் பாதி மட்டும் பார்ப்பது

செயலி வெளிக்கருவிகளோடு பேசும் வாசலுக்குப் போர்ட் என்று பெயர். திரை, விசைப்பலகை போன்றவற்றைக் கவனிக்கும் யூஎல்ஏ சிப்பின் போர்ட் எண் 254 என்பார்கள். உண்மையில் அது முகவரித் தடங்களில் ஏ0 ஒன்றை மட்டுமே பார்க்கிறது. எந்த இரட்டைப்படை எண்ணுக்கும் பதில் சொல்லும். கெம்ப்ஸ்டன் வகை ஜாய்ஸ்டிக் அட்டைகள் பல ஏ5ஐ மட்டும் பார்க்கின்றன. ஏ2 பிரின்டருக்கு, ஏ3யும் ஏ4உம் சின்கிளேரின் இன்டர்ஃபேஸ் 1 அட்டைக்கு. எனவே உங்கள் போர்ட் எண்ணில் ஏ0 முதல் ஏ4 வரை எல்லாம் 1ஆக இருக்கட்டும்; ஜாய்ஸ்டிக் அட்டை இல்லையென்றால் ஏ5உம். உங்கள் அட்டையோ ஏ0 முதல் ஏ7 வரை எட்டு பிட்களையும் பார்க்கட்டும்.

போர்ட்டோடு பேசும்போது செயலி தாழ்த்தும் தடம் ஐஓஆர்க்யூ. அது தாழ்ந்தால் போதும் என்று நினைப்பது அடுத்த பிழை. இன்டரப்டை (ஓடும் நிரலை இடைமறிக்கும் அழைப்பை) ஏற்கும்போதும் செயலியான இசட்80 அதைத் தாழ்த்துகிறது, கூடவே எம்1 என்ற தடத்தையும். அந்த நேரத்தில் முகவரித் தடங்களில் இருப்பது நிரல் ஓடிக்கொண்டிருக்கும் இடம். அது தற்செயலாக உங்கள் போர்ட்டோடு பொருந்தினால் அட்டை குறுக்கே பேசும். ஒரு விளையாட்டு மட்டும், அதுவும் எப்போதாவது நின்றுபோகும். எம்1 உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். படிக்கும் போர்ட்டுக்கு, படிப்பதைக் குறிக்கும் ஆர்டி தடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆடும் அட்டை

ஸ்பெக்ட்ரமுக்கு முந்தைய கணினியான இசட்எக்ஸ்81இன் 16 கே நினைவகப் பெட்டி ஆடினால் தட்டச்சு செய்தது அழிந்துபோகும். ஸ்பெக்ட்ரமில் ஆடினால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அடியில் முட்டுக் கொடுங்கள்.

3.3 வோல்ட்

3.3 வோல்ட்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை பைக்கோ போர்டை ஸ்பெக்ட்ரமின் 5 வோல்ட் தடங்களில் நேரடியாக இணைக்காதீர்கள். நடுவில் 5 வோல்ட்டை 3.3ஆகக் குறைக்கும் 74எல்விசி245 சிப்பைப் போடுங்கள்.

உப்புத்தாள்

எட்ஜ் கனெக்டரைச் சுத்தம் செய்ய இது வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் போதும்.