திருகோணமலையில் கல்யாணம்: கணக்கில் வராத செலவுகளும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

கல்யாணத்துக்கு எவ்வளவு முடியும் என்று கேட்டால் நம் வீடுகளில் உடனே வருவது மூன்று கணக்கு: நகைக்கு இவ்வளவு, மண்டபத்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு. மூன்றையும் கூட்டி, மேலே கொஞ்சம் கூட்டிவைத்து, இதற்குள் முடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். ஆனால் நம் ஊரில் கல்யாணம் ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. தாலிக்குத் தங்கம் உருக்குகிற பொன்னுருக்கலுக்கு நாள் வைத்ததில் இருந்து, நாலாம் சடங்கு முடிந்து கடைசி உறவினர் பஸ் ஏறும்வரை வீட்டில் அடுப்பு அணையாது. காசு கரைவது முகூர்த்த நாளில் அல்ல, அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களில். அந்த நாட்களுக்குக் கணக்குப் போடாமல் விடுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணின் நகை அடகுக்குப் போகிற வீடுகள் நம்மிடையே குறைவில்லை. புதிதாக வாழத் தொடங்குகிற இரண்டு பேர் முதல் வருடம் முழுக்க வட்டி கட்டிக்கொண்டிருப்பது பெரிய அநியாயம். ஆடம்பரத்தால் அந்த நிலைக்கு வருகிறவர்கள் சிலர்தான். பலர் வருவது, கேட்க வேண்டிய கேள்வியை நேரத்தோடு கேட்காததால்.

நாளில் ஒளிந்திருக்கும் செலவு

ஆடியும் மார்கழியும் ஆகாது. தையும் வைகாசியும் ஆவணியும்தான் எல்லோருக்கும் வேண்டும். வைகாசியும் ஆவணியும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பருவத்துக்குள் விழுகின்றன. மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். வெளிநாட்டுக்காரரும் கொழும்புக்காரரும் வந்து நிறைவார்கள். கடற்கரை ஹோட்டல்களில் அறை வாடகை ஏறிவிடும். ஓகஸ்ட் விடுமுறையோடு சேர்ந்தால் அறை கிடைப்பதே கஷ்டம். மண்டபத்தை நல்ல விலைக்குப் பிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்த வீட்டார், மாப்பிள்ளை வீட்டுக்குப் பத்து அறை தேடும்போதுதான் திகைக்கிறார்கள். நாளைக் குறித்த அன்றே அறையையும் பேசிவிடுங்கள். நகருக்குள் தெரிந்தவர்களின் வீட்டு மேல்மாடி கிடைத்தால் இன்னும் நல்லது.

தை மாதத்தில் வேறு சங்கடம். வாடைக்காற்று மழை அப்போதும் முழுதாக விட்டிருக்காது. வீட்டில் பந்தல் போட்டால் துணிக்கூடாரம் போதாது, தகரம் வேண்டும். முற்றத்தில் தண்ணீர் நின்றால் மணல் கொட்ட வேண்டும். கார்த்திகையில் நாள் வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது வீதிகள் உடைந்து ஊர்களே துண்டிக்கப்பட்டன. கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டி வந்தால் முற்பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று மண்டபம், சமையல், போட்டோ மூன்று இடத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப் பேச்சு அந்த நேரத்தில் உதவாது.

கடற்கரையில் வரவேற்பு வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மே, ஜூனுக்குப் பிறகு தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பூ அலங்காரம் மாலைக்குள் வாடிவிடும், மேடைத் துணி பறக்கும். மேடைக்கு வைக்கிற ரோசாவும் மற்றப் பூக்களும் மலைநாட்டில் இருந்து வருகிறவை. இரண்டாம் தடவை வரவழைக்க நேரமும் இருக்காது, காசும் இருக்காது.

ஒரு தட்டின் விலை

ஹோட்டலோ பெரிய மண்டபமோ தருகிற விலைத்தாளில் ஒரு தட்டு 3,500 ரூபாய் என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. முதலாவது கூட்டல் 10% சேவைக் கட்டணம். இரண்டாவது வற் எனப்படும் பெறுமதி சேர் வரி. அது 2024 ஜனவரி 1 முதல் 18%. சேவைக் கட்டணத்தைச் சேர்த்தால் 3,850 ரூபாய், அதன் மேல் வற் சேர்த்தால் 4,543 ரூபாய். ஒரு தட்டுக்கு 1,043 ரூபாய் கூடுகிறது. 300 பேருக்குப் பார்த்தால் 312,900 ரூபாய். போட்டோக்காரருக்கும் மேளத்துக்கும் என்று நீங்கள் ஒதுக்கிய காசு அந்த இரண்டு கூட்டல் குறிக்குள்ளேயே போய்விடலாம்.

எனவே முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "எல்லாம் சேர்த்து கடைசியாக எவ்வளவு?" வற் பதிவு இல்லாத இடம் வற் அறவிட முடியாது. பில்லில் வற் என்று போட்டிருந்தால் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும். அப்புறம் குறைந்தபட்ச எண்ணிக்கையைப் பாருங்கள். 250 பேருக்கு என்று கையெழுத்து வைத்துவிட்டு 190 பேர் வந்தாலும் 250 தட்டுக்கும் காசு கட்டத்தான் வேண்டும்.

மண்டப வாடகைக்குள் என்னென்ன அடங்கும் என்பதும் இதே கதைதான். ஏசி எத்தனை மணிநேரம்? கரண்ட் போனால் ஜெனரேற்றர் உண்டா, அதற்கு டீசல் யார் கணக்கு? முதல் நாள் இரவு மணவறை சோடிக்க உள்ளே விடுவார்களா, அல்லது அது இன்னொரு நாள் வாடகையா? வெளியில் இருந்து சமையல்காரரைக் கொண்டுவந்தால் தனிக் கட்டணம் உண்டா? முகூர்த்தம் விடியற்காலையில் என்றால் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும்? மாலை வரவேற்பு நீண்டால் கூடுதல் மணிநேரத்துக்கு எவ்வளவு? இரவு 10 மணிக்குப் பிறகு பொதுவாக ஒலிபெருக்கி போட முடியாது. அது 2007 உயர் நீதிமன்றத் தீர்ப்போடு வந்த கட்டுப்பாடு. வீட்டில் செய்தாலும் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். ஆகவே பாட்டுக் குழுவுக்கு 11 மணிவரை காசு பேசுவது வீண்.

கார்டு வேறு, தலை வேறு

300 கார்டு அடித்தோம், 300 பேர் என்று கணக்கிடுவது வழக்கமான தவறு. கார்டு போவது வீட்டுக்கு; வருகிறது குடும்பம். வருவோம், வரமாட்டோம் என்று முன்கூட்டிச் சொல்கிற பழக்கமும் நம்மிடம் இல்லை. ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு வீட்டுப் பெயருக்குப் பக்கத்திலும் எத்தனை பேர் வரக்கூடும் என்று அம்மாவையும் பெரியம்மாவையும் இருத்தி வைத்து எழுதுங்கள். யார் வீட்டில் யார் வெளிநாட்டில் இருந்து வந்து நிற்கிறார்கள் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும்.

திருகோணமலையில் கல்யாணம் என்றால் முஸ்லிம் நண்பர்களும் சிங்கள நண்பர்களும் வருவார்கள். அது நம் ஊரின் அழகு. மத்தியானச் சாப்பாடு மரக்கறி என்பதால் யாருக்கும் பிரச்சினை இல்லை. இரவு வரவேற்பில் இறைச்சி வைத்தால்தான் கவனம் தேவை. முழுச் சமையலையும் ஹலால் முறைப்படி செய்கிறவரிடம் முதலிலேயே கொடுத்துவிடுவது மரியாதை, செலவிலும் இலகு. கடைசி நேரத்தில் ஐம்பது பேருக்கு என்று தனியாக வெளியில் எடுத்தால் விலையும் கூட, வந்தவர்களையும் பிரித்து இருத்தியதுபோல் ஆகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. மேளக்காரர், போட்டோ எடுக்கிற பொடியன்கள், வான் சாரதிமார், சோடனைக்காரர், ஐயரோடு வருகிற உதவியாளர்கள் எல்லோரும் சாப்பிட வேண்டும். முப்பது தட்டுக்குக் குறையாது. அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, பிறகு பந்தியில் தட்டுப்பாடு வந்து அவர்களைக் காக்கவைப்பது செலவைவிடப் பெரிய குறை.

பவுன்

தாலிக்கொடி எத்தனை பவுன் என்று பேசி முடித்துவிட்டு, வாங்குவதைக் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பார்ப்போம் என்று விடுவது ஆபத்து. தங்கம் டொலரோடு ஏறி இறங்குகிற பொருள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. அந்த இடைவெளியில் கல்யாணம் வைத்திருந்த வீடுகளுக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 9 பவுன் கொடி என்றால் பவுனுக்கு 10,000 ரூபாய் ஏறினாலும் 90,000 ரூபாய் கூடும். கையில் காசு வரும்போது ஒவ்வொரு பவுனாக எடுத்துவைப்பதே பாதுகாப்பு.

எடுத்து வைத்ததை நகையாக்கும்போது இன்னொரு இடத்தில் காசு நழுவும். நீங்கள் வைத்திருப்பது 24 கரட் தங்க நாணயம். செய்யப்போவது 22 கரட் நகை. 22 கரட்டில் நூற்றுக்கு சுமார் 91.6 பங்குதான் தங்கம், மிச்சம் செம்பு முதலிய கலப்பு. அதாவது 8 கிராம் சுத்தத் தங்கத்தைக் கொடுத்தால், சேதாரம் கழிக்கும் முன் ஏறத்தாழ 8.7 கிராம் 22 கரட் நகை வர வேண்டும். 8 கிராமுக்கு 8 கிராம் சரியாகத் தந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், மேலதிகத்துக்கு என்ன ஆனது என்று மரியாதையாகக் கேளுங்கள். செய்கூலி, சேதாரம் இரண்டையும் பில்லில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல நகைக்கடைக்காரர் யாரும் இதற்குக் கோபிக்கமாட்டார்.

உடுப்பு, போட்டோ, எழுத்து

கூறைக்கும் மாப்பிள்ளை உடுப்புக்கும் ஒதுக்குவார்கள். மாமிமாருக்குச் சேலை, தோழன் தோழிக்கு உடுப்பு, ஆரத்தி எடுப்பவர்களுக்கு, அப்பம்மாவுக்கு, சித்தியின் பிள்ளைகளுக்கு என்று நீள்வது எழுதப்படுவதில்லை. ஒருவருக்கு எடுத்து ஒருவருக்கு விட்டால் மனஸ்தாபம் வரும் என்பதால் கடைசியில் எல்லோருக்கும் எடுக்கிறோம். யாருக்கு எடுக்கிறோம், யாருக்கு இல்லை என்பதை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முதலே இருந்து பேசி முடிவெடுத்தால் கடைக்குள் நின்று சங்கடப்பட வேண்டியதில்லை. சேலை வாங்கினால் சட்டை தைக்கிற கூலியும் பின்னால் வரும்.

கல்யாணத்துக்கு முன்னான படப்பிடிப்புக்குப் புறாமலைக்கோ மாபிள் பீச்சுக்கோ போக ஆசைப்படுகிறார்கள். போகலாம். ஆனால் புறாமலை நிலாவெளிக் கடலில் உள்ள தீவு, தேசியப் பூங்கா. படகுக் கூலி வேறு, நுழைவுக் கட்டணம் வேறு, கூட வருகிற ஒவ்வொருவருக்கும் அது உண்டு. டிரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். சீனக்குடாவில் விமானப்படைத் தளமும், துறைமுகத்தில் கடற்படைத் தளமும், கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருக்கிற ஊர் இது. "டிரோன் சொட் உண்டு" என்று கட்டணத்தில் சேர்த்திருந்தால், அனுமதி யார் எடுப்பது, கிடைக்காவிட்டால் காசு குறையுமா என்று கேளுங்கள். அல்பத்துக்கு எத்தனை பக்கம், கூடுதல் பக்கத்துக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு விடயத்தில் தவறு ஒன்றுதான்: பிந்துவது. பதிவாளரிடம் நேரத்தோடு அறிவித்தல் கொடுத்தால் சாதாரணக் கட்டணத்தோடு முடியும். நாள் நெருங்கிய பிறகு போனால் விசேட அனுமதி, அதற்குத் தனிச் செலவு. மண்டபத்துக்கோ வீட்டுக்கோ பதிவாளரை அழைத்தால் கட்டணம் கூடும், வாகனமும் ஒழுங்குசெய்ய வேண்டும். ஒருவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் என்னென்ன பத்திரம் வேண்டும் என்று பல மாதங்களுக்கு முன்பே கேளுங்கள். பத்திரம் எடுக்கவும் மொழிபெயர்க்கவும் ஆகும் செலவை எந்தப் பட்டியலிலும் காணவில்லை.

வீடு

எல்லாவற்றிலும் பெரிதாகவும், யாரும் கல்யாணச் செலவு என்று ஒத்துக்கொள்ளாததாகவும் இருப்பது வீட்டு வேலை. பெயின்ற் அடிப்பதில் தொடங்கும். கனடாவில் இருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது, குளியலறை இப்படி இருந்தால் சரியில்லை என்று டைல் பதிப்பார்கள். பிறகு ஓர் அறைக்கு ஏசி, அதற்கு வயரிங், முற்றத்துக்குக் கல். வேலை தொடங்கிய பிறகு பாதியில் நிறுத்த முடியாது. நாள் கிட்ட வர கூலியும் கூடும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்க்க வருவதில்லை. அவசியமான திருத்தம் எதுவோ அதை மட்டும், கல்யாணக் கொப்பியிலேயே ஒரு வரியாக எழுதி, அதற்கு ஒரு எல்லை போட்டுச் செய்யுங்கள். மற்றது ஒரு வருடம் கழித்துச் செய்யலாம்.

சொந்தக்காரர் வந்து நிற்கிற நாட்களின் சாப்பாட்டுச் செலவும் இதனோடு சேர்ந்ததுதான். பதினைந்து பேர் ஒரு வாரம் நின்றால் தேத்தண்ணி, பால்மா, மீன், காஸ் சிலிண்டர், ஓட்டோ எல்லாம் சேர்ந்து ஒரு தொகை ஆகும். பலகாரமும் அப்படியே. முன்பு அயலவர் கூடி வீட்டிலேயே சுட்டார்கள். இப்போது பெரும்பாலும் காசு கொடுத்துச் செய்விக்கிறோம். பயற்றம் பணியாரமும் அரியதரமும் நினைப்பதைவிட விலை கூடியவை. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் கேட்பார்கள்.

மொத்தக் கணக்கில் நூற்றுக்குப் பத்துப் பங்கை எதற்கும் ஒதுக்காமல் தனியே வையுங்கள். அதை வைத்திருப்பவர் மாப்பிள்ளையோ பெண்ணின் அப்பாவோ ஆக இருக்க வேண்டாம். கல்யாண வீட்டில் அவர்களிடம் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கணக்கில் கறாரான ஒரு மாமாவோ அக்காவோ பொறுப்பாக இருக்கட்டும். என்வலப்பில் வருகிற அன்பளிப்பை நம்பிக் கடன் வாங்கவே வேண்டாம். அது எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்ததில் பெரும்பகுதி நாளைக்கு அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

கடைசியாக, வாடகைக்கு எடுத்த சாமான். கதிரை, அண்டா, கிடாரம், தட்டு, குத்துவிளக்கு எல்லாம் லொறியில் வந்து இறங்கும்போது எண்ணி, உடைந்தது நெளிந்தது எதுவென்று எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்துவைக்கலாம். திருப்பி ஏற்றும்போதும் அதே ஆள் நின்று எண்ணட்டும். கல்யாணத்துக்கு அடுத்த நாள் காலை எல்லோரும் களைத்துக் கிடப்பார்கள் என்பதால், அந்த ஆள் யார் என்பதை முதல் நாளே முடிவுசெய்து, வைப்புப் பணத்துக்கான ரசீதையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.