மூலையில் தள்ளிய சப்வூஃபர்

திருநகரில் எங்கள் வீட்டு முன்னறை 10 அடிக்கு 14 அடி. ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் (அடித்தொனிக்கான பெட்டி) கொண்ட 5.1 ஒலியமைப்பு வாங்கிய அன்றே, இடம் மிச்சமாகட்டும் என்று சப்வூஃபரை மூலையில் தள்ளினேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது, வசனம் புரியவில்லை. மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடித்தொனியைப் பெருக்கிவிடும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பழகிய பாட்டொன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி கேளுங்கள். தவில் எங்கே குழையாமல், ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வையுங்கள். எனக்கு அந்த இடம் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் கிடைத்தது. அம்மாவிடம் கேட்டு அலமாரியை இரண்டடி நகர்த்தினேன். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் கிராஸோவரை, அதாவது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கலாம்.

நடு ஸ்பீக்கர் காதை நோக்கி இருக்க வேண்டும். டிவிக்குக் கீழே தாழ்வாக இருந்தால், முன்பக்கம் ஒரு மரத்துண்டைச் செருகி மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். பின் ஸ்பீக்கர்களைப் பக்கவாட்டில், காதுக்குச் சற்றுப் பின்னால் மாட்டுங்கள்.

டைல்ஸ் தரையின் எதிரொலிக்குத் தடித்த ஜமக்காளம் நல்ல மருந்து. இரைச்சல் போடும் மின்விசிறியைத்தான் சித்திரை வெயிலில் நிறுத்த முடியாது. வேகத்தை இரண்டில் வைத்து, இரவு எட்டு மணிக்கு மேல் படம் பார்க்கிறோம்.