உதவி நிதியைப் பங்கு போடும்போது செய்கிற தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் ஊர் உதவி நிதிக் கமிட்டியில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். ஆஸ்பத்திரிச் செலவு, காலேஜ் ஃபீஸ், இடிந்த வீடு என்று மாதம் இருபது மனு வரும். கையில் இருப்பது ஐந்து பேருக்குத்தான் காணும். இந்த வருடம் நான்கு இளைஞர்கள் சேர்ந்தார்கள். மூன்றாவது கூட்டம் முடிவதற்குள் என் பழைய தவறுகளை ஒன்றுவிடாமல் செய்துவிட்டார்கள்.

சொந்தக்காரனுக்குக் கொடுக்காதே, சாதி பார்க்காதே என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதைச் செய்கிறவர்கள் தெரிந்தேதான் செய்கிறார்கள். நல்ல மனசோடு, தெரியாமலே செய்வதைப் பற்றித்தான் இது.

முகத்தைப் பார்த்துப் பங்கு போடுவது

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். கடலோர ஊர்கள் ஆட்களைப் பறிகொடுத்தன. மலையடிவாரத்தில் எங்களுக்கு மரம் போனது. ரப்பர் மூடுகள் ஒடிந்தும் சரிந்தும் கிடந்தன, ஏத்தன் வாழை மொத்தமாகப் படுத்துவிட்டது. ஒரு வீட்டின்மேல் பிலா மரம் விழுந்து ஓடெல்லாம் நொறுங்கியது. அந்த வீட்டுப் பிள்ளை நனைந்த புத்தகங்களை நெஞ்சோடு அணைத்து நிற்கிற படத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டவன் நான்தான். வளைகுடாவில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டே நாளில் ஒன்றே முக்கால் லட்சம் அனுப்பினார்கள். கூரைக்கு அறுபதாயிரம் போதும். மீதியையும் அந்த வீட்டுக்கே கொடுத்தோம். கட்டில், கிரைண்டர் எல்லாம் வந்து இறங்கின. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். இன்றைக்கும் எரிச்சல் அந்தத் தூக்கத்தின்மேல்தான்.

அதே வாரம் என் பையில் வேறொரு தாளும் கிடந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது: 'பால்வெட்டுத் தொழிலாளிகள், 14 பேர், வேலை இல்லை.' அவ்வளவுதான். படம் இல்லை, பெயர்கூட இல்லை. சாய்ந்த ரப்பர் மூட்டுக்கு நிவாரணம் வந்தால் விளைக்காரருக்கு, அதாவது தோட்டத்துச் சொந்தக்காரருக்கு வரும், பால் வெட்டுகிறவருக்கு என்ன வரும்? வாழை நட்டால் அடுத்த வருடம் குலை வெட்டலாம். ரப்பர் கன்று பால் தர ஏறக்குறைய ஏழு வருடம். இது எனக்குத் தெரியாததா? எங்கள் பின்விளையில் வெட்டியவரே அந்தப் பதினான்கில் ஒருவர். அவருடைய மகன் அடுத்த ஜூனில் பாலிடெக்னிக்கை விட்டுவிட்டுக் கொத்தவேலைக்குப் போனான். ஃபீஸ் பன்னிரண்டாயிரம். கட்டிலும் கிரைண்டரும் அதைவிடக் கூட.

டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூவர் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியாவின் படத்தைக் காட்டினால் அமெரிக்கர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பட்டினி என்ற கணக்கை மட்டும் காட்டினால் அதில் பாதிகூட வரவில்லை. சரி, இரண்டையும் சேர்த்துக் காட்டினால்? ரோக்கியாவுக்குக் கிடைத்ததும் குறைந்துபோனது. கொடுக்கப்போகிறவர்களை முதலில் கணக்குப் போடும் மனநிலைக்குக் கொண்டுபோயும் பார்த்தார்கள். அப்போதும் சிறுமிக்குக் குறைந்ததே தவிர, கூட்டத்துக்குக் கூடவில்லை. ஆக, கணக்கு இரக்கத்தைக் குறைக்கத்தான் செய்கிறது, வளர்ப்பதில்லை.

இதைச் சொன்னதும் புதிய பையன் ஒருவன் கேட்டான்: "அப்போ படமே போட வேண்டாமா சாரே?"

"போடு மக்களே. பணம் திரட்டும்போது முகத்தைக் காட்டு. பங்கு போடும்போது மூடிவை."

இப்போது அப்படித்தான் செய்கிறோம். கூட்டத்துக்கு முன் ஒருவர் மனுக்களில் பெயரையும் படத்தையும் மறைத்து எண் போடுவார். என்ன வருமானம், எவ்வளவு வேண்டும், இந்த மாதம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும், இவ்வளவுதான் எங்கள் கண்ணில் படும். வரிசை போட்ட பிறகே பெயர் தெரியும். அப்புறம் யாராவது வரிசையை மாற்றச் சொன்னால் காரணத்தை எழுதித் தர வேண்டும். 'பாவமாக இருக்கிறது' என்பதைக் காரணமாக ஏற்பதில்லை.

நல்லபடியாக முடிந்ததால் தீர்மானமும் நல்லது என்பது

ஆள் பிழைத்துக்கொண்டார் என்பதற்காக, மனுவைப் படிக்காமல் கொடுத்தது சரியாகிவிடாது.

கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்துவிடுவது

1973-ல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குருமாணவர்களை, அதாவது பாதிரியார் படிப்புப் படிக்கிறவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பேசப் போகிற வழியில் ஒருவர் துவண்டு கிடப்பார். நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், அவசரத்தில் போனவர்களில் 10 சதவீதம். அவர்களில் சிலர் பேசப்போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமை என்பதுதான் வேடிக்கை. எங்கள் கூட்டத்திலும் எட்டரைக்கு மேல் படித்த மனுக்கள் ஜெயித்ததாக நினைவில்லை. மிஞ்சுவதை இப்போது மறுநாள் காலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

மினிட்ஸில் பாதியை மட்டும் எழுதுவது

'ஐந்து பேருக்குக் கொடுத்தோம்' என்பதோடு 'பதினைந்து பேருக்குக் கொடுக்கவில்லை' என்றும் எழுதுங்கள்.

கொடுக்காமல் விட்டால் குற்றமில்லை என்று நினைப்பது

ஒருவருக்குத் தப்பாகக் கொடுத்துவிட்டால் ஊர் பத்து வருடம் பேசும். கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காததை யாரும் பேசுவதில்லை. அதனாலேயே கமிட்டிக்காரனுக்குச் சும்மா இருப்பது எப்போதும் பத்திரமான வழியாகத் தெரியும்.

அந்த 14 பேரைப் பற்றி இன்றுவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. எங்கள் விளையில் வெட்டியவரைச் சந்தையில் பார்ப்பதுண்டு. "சுகந்தானே சாரே?" என்று சிரிப்பார். அப்படி ஒரு தாள் என் பையில் இருந்தது அவருக்குத் தெரியாது.