5 நிமிட அபத்த கார்ட்டூனை 75 நிமிடப் படமாக்குவது எப்படி?

டி.வி.யில் 5, 7, 11 நிமிடம் ஓடும் அபத்த நகைச்சுவை கார்ட்டூனை முழுநீளப் படமாக்க உட்காரும் புதியவர்களுக்கு முதலில் வரும் பயம், இவ்வளவு நேரத்துக்கு ஜோக் போதுமா என்பதுதான். ஜோக் எப்படியும் கிடைத்துவிடும். கதாபாத்திரத்துக்கு உருப்படியாக ஒரு ஆசை இல்லாவிட்டால்தான் இருபத்தைந்தாவது நிமிடத்தில் அரங்கில் செல்போன் வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும். கீழே வரும் படிகளெல்லாம் அந்த ஆசையைக் கண்டுபிடித்து, கடைசிவரை கைவிடாமல் கொண்டுபோவதற்கான வழிகள்.

முக்கிய உதாரணமாக பெல்ஜியத்தின் ஸ்டீபன் ஓபியே, வின்சென்ட் பதார் இருவரும் செய்த 'பானிக் ஓ விலாஜ்' தொடரை எடுத்துக்கொள்வோம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பொம்மைகளை வைத்து எடுத்த 5 நிமிட ஸ்டாப் மோஷன் (பொம்மையின் நிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொன்றையும் தனிப் படமாகப் பிடித்து ஓடவிடும் முறை) எபிசோடுகள், மொத்தம் 20. ஒரே வீட்டில் குதிரை, கௌபாய், செவ்விந்தியன் என்று மூன்று பேர். இதே பெயரில் வந்த 75 நிமிடப் படம் 2009-ல் கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. குட்டித் தொடர் பெரிய படமாகும் விதத்தைக் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கஷ்டம்.

படி 1: தொடரின் சட்டங்களை எழுதுங்கள்

ஆறு எபிசோடுகளை ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு பாருங்கள். தாளில் மூன்று பத்தி போடுங்கள்: நேரம், என்ன நடக்கிறது, அதைப் பார்த்து யார் ஆச்சரியப்படுகிறார்கள். மூன்றாவது பத்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அந்தக் காலி இடம்தான் தொடரின் உயிர். குதிரை கார் ஓட்டுகிறது, தினசரி படிக்கிறது. ஊரில் ஒருவரும் அது எப்படி என்று கேட்பதில்லை.

பார்த்து முடித்ததும் ஏழு வரிக்குள் சட்டங்களை எழுதுங்கள். வீட்டில் பொறுப்பான ஆள் குதிரை. மற்ற இருவரும் குழந்தைகள் மாதிரி, செய்த தப்பை மறைக்கப் போய் இன்னொரு தப்பு செய்வார்கள். எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. இந்தத் தாள் எழுதும் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கட்டும். படத்தில் இதில் ஒன்றை மீறலாம், அதுவும் ஒரே ஒரு முறை. இரண்டை மீறினால் பழைய ரசிகருக்கு அது வேறு யாருடைய படமாகவோ தோன்றிவிடும்.

படி 2: சின்ன ஆசை ஒன்று பிடியுங்கள்

பெரிய படம் என்றதும் உலகத்தைக் காப்பாற்றும் கதைக்குப் போகிறவர்கள் அதிகம். அபத்த நகைச்சுவைக்கு அது ஒத்துவராது. உலகம் அழியப்போகிறது என்றால் பார்ப்பவர் காரணகாரியம் கேட்க ஆரம்பித்துவிடுவார். கைக்குள் அடங்கும் ஆசை வேண்டும்.

'பானிக் ஓ விலாஜ்' படத்தில் அது குதிரையின் பிறந்தநாள். கௌபாயும் செவ்விந்தியனும் பரிசாக ஒரு பார்பெக்யூ அடுப்பு கட்ட நினைக்கிறார்கள். தேவை 50 செங்கல். கணினியில் ஆர்டர் போடும்போது ஆறு பூஜ்யம் கூடிப்போய் வீட்டு வாசலுக்கு 5 கோடி செங்கல் வந்து சேர்கிறது. 11 நிமிடத் துண்டுகளாக ஓடிய 'ஸ்பாஞ்ச்பாப்' தொடரின் 2004 படத்திலும் இதே அளவுதான்: புதிதாகத் திறக்கும் இரண்டாவது ஓட்டலுக்குத் தான் மேனேஜர் ஆகவேண்டும் என்பது அவன் ஆசை. கிரீடம் திருடு போவது, நீண்ட பயணம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

நீங்கள் பிடித்த ஆசை தேறுமா என்று பார்க்க ஒரு சோதனை: எட்டு வயதுக் குழந்தையிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "ஏன்?" என்று கேட்டால் ஆசை சரியில்லை. "அப்புறம்?" என்று கேட்டால் எழுத ஆரம்பிக்கலாம்.

படி 3: விளைவுச் சங்கிலி

ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு அட்டையில் எழுதி வரிசையாக அடுக்குங்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே "அதனால்" அல்லது "ஆனால்" பொருந்த வேண்டும். "அப்புறம்" மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அந்த அட்டையைத் தூக்கிவிடுங்கள், அதில் இருக்கும் ஜோக் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் சரி. வேலையிலேயே மனசு அதிகம் வலிக்கும் கட்டம் இதுதான்.

செங்கல் கதையை இப்படிப் பிரித்துப் பாருங்கள். 5 கோடி செங்கல் வந்துவிட்டது, அதனால் குதிரையின் கண்ணில் படாமல் ஒளிக்க வேண்டும். அதனால் வீட்டின் மேலேயே அடுக்குகிறார்கள். ஆனால் பாரம் தாங்காமல் வீடு நொறுங்குகிறது. அதனால் மூவரும் சேர்ந்து சுவர் எழுப்புகிறார்கள். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் திருடு போகிறது. அதனால் திருடர்களைத் துரத்துகிறார்கள். அந்தத் துரத்தல் பூமியின் மையம், ராட்சத இயந்திரப் பெங்குவின் திரியும் பனிவெளி, கடலடி உலகம் என்று இழுத்துக்கொண்டே போகிறது. ஒரு பிறந்தநாள் பரிசு பூமியின் மையம் வரை போய்விட்டது. நடுவில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகாததால் பார்ப்பவர் எதையும் மறுப்பதில்லை. காட்சி எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறதோ, அதைப் பிணைக்கும் காரணம் அவ்வளவு நேராக இருக்க வேண்டும்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, மூன்று நான்கு எபிசோடு கதைகளை ஒட்டுப்போட்டுப் படம் என்பது. ஒவ்வொரு கதை முடியும்போதும் பார்ப்பவர் மனசு தானாக எழுந்து நின்றுவிடும். அவரை மறுபடி உட்காரவைக்க ஐந்து நிமிடமாவது செலவாகும்.

படி 4: நிதானமான ஆளுக்கு இதயம் கொடுங்கள்

ஒவ்வொரு அபத்தத் தொடரிலும் கொஞ்சம் நிதானமான ஆள் ஒருவர் இருப்பார். தொடரில் அவர் வேலை திட்டுவது, தலையில் அடித்துக்கொள்வது. படத்தில் உணர்ச்சி முழுவதையும் அவர் தோளில் ஏற்றுங்கள். கோமாளிகள் மாறக்கூடாது, திருந்திய கோமாளியை யாரும் விரும்புவதில்லை.

குதிரைக்கு இசை ஆசிரியை மேடம் லோங்ரே மேல் பிரியம். அவர் வகுப்புக்குப் போகவேண்டும் என்பது அதன் ஒரே கவலை. ஊரே தலைகீழானாலும் அந்த வகுப்பு தவறுகிறதே என்ற தவிப்பு போகவில்லை. இந்த ஒரு இழை இரண்டு வேலை செய்கிறது: பார்ப்பவருக்கு அக்கறை வருகிறது, கதைக்கு ஒரு கடிகாரமும் கிடைக்கிறது.

படி 5: நேரத்தைப் பங்கிடுங்கள்

75 நிமிடத்தை 8 பகுதியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு பகுதிக்கும் புது இடம் அல்லது புது இக்கட்டு வேண்டும். முதல் பகுதி தொடரைப் பார்க்காதவருக்கானது. விளக்கம் சொல்லாமல் ஒரு சாதாரணக் காலையைக் காட்டுங்கள், சட்டங்கள் தானாகப் புரியும்.

கவனிக்க வேண்டிய இடம் 50 முதல் 58-வது நிமிடம். எவ்வளவு நல்ல ஜோக்கும் அங்கே மங்கலாகவே கேட்கும், சிரித்துச் சிரித்து ஆள் களைத்திருப்பார். அதற்கு முன்னாலேயே வசனமில்லாத, 40 விநாடியாவது நீளும் ஒரு அமைதியான காட்சி வையுங்கள். 5 நிமிட எபிசோடுக்கு மூச்சு வாங்க இடம் தேவையில்லை. படத்துக்கு மூன்று நான்கு இடத்தில் கட்டாயம் வேண்டும்.

80 நிமிடத்தைத் தாண்ட வேண்டுமா என்று இரண்டு முறை யோசியுங்கள். 7 நிமிட எபிசோடுகளாக ஓடிய பிரிட்டிஷ் அனிமேஷன் நிறுவனமான ஆர்ட்மேனின் 'ஷான் த ஷீப்' 2015-ல் 85 நிமிடப் படமானபோது வசனமே இல்லாமல் தாக்குப்பிடித்தது. பண்ணைக்காரருக்கு ஞாபகம் போய்விட்டது, அவரை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்ற ஒற்றை நோக்கம் நகரத்துக் காட்சிகள் அத்தனையையும் தாங்கியது. அந்த உறுதி இல்லாதவர்கள் 75-ல் நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 6: பூர்வகதை வேண்டாம்

பாத்திரங்கள் எப்படி உருவானார்கள் என்று விளக்கச்சொல்லித் தயாரிப்புத் தரப்பிலிருந்து கேட்பார்கள். அபத்தத்துக்குக் காரணம் சொன்ன நிமிடமே அது செத்துவிடும். 11 நிமிடத் தொடரான 'அக்வா டீன் ஹங்கர் ஃபோர்ஸ்' 2007-ல் படமானபோது இதற்கு அழகான வழி கண்டுபிடித்தார்கள்: ஒன்றுக்கொன்று முரணான பூர்வகதைகளை அடுத்தடுத்துச் சொல்லிப் பூர்வகதையையே ஜோக் ஆக்கிவிட்டார்கள்.

படி 7: அனிமேடிக்

ஸ்டோரிபோர்டு படங்களை, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்த சித்திரங்களை, தற்காலிகக் குரலோடு கோத்து முழுப் படத்தையும் ஓட்டிப்பார்ப்பதே அனிமேடிக். இரண்டேகால் விநாடிக்கு ஒரு படம் என்றால் 75 நிமிடத்துக்கு 2,000 படம் வரும். கோட்டுச் சித்திரமே போதும், அழகு பார்க்காதீர்கள்.

தொடரை அறியாத பத்துப் பேருக்குப் போட்டுக்காட்டுங்கள். எங்கே சிரித்தார்கள் என்பதை விட, எங்கே உட்கார்ந்த நிலையை மாற்றினார்கள் என்று குறியுங்கள். நெளிந்த இடத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் போய்ப் பாருங்கள், பழுது பெரும்பாலும் அங்கே இருக்கும். வெட்டுவதையெல்லாம் இங்கேயே வெட்டிவிடுங்கள். படம் பிடித்த பிறகு வெட்டும் ஒவ்வொரு விநாடியும் ஒருவருடைய உழைப்பு.

படி 8: கணக்கு

விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். 75 நிமிடம் என்றால் 1,08,000 ஃப்ரேம். ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃப்ரேம் பிடித்தால் 54,000 அசைவுகள். 5 நிமிட எபிசோடுக்கு இது வெறும் 3,600. ஒரு அனிமேட்டர் ஒரு நாளில் 4 விநாடி முடிப்பார் என்று வைத்தால் 4,500 விநாடிக்கு 1,125 ஆள்நாள். ஐந்து பேர் என்றால் 225 நாள். மறுபடி எடுக்கவேண்டி வரும் காட்சிகளுக்காக அதோடு 15 சதவீதம் சேருங்கள்.

'பானிக் ஓ விலாஜ்' பொம்மைகளுக்கு மடக்க மூட்டு கிடையாது. நிற்க ஒன்று, ஓட ஒன்று, குனிய ஒன்று என்று தனித்தனிப் பொம்மை வைத்து மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். படத்துக்குச் சுமார் 1,500 பொம்மைகள் தேவைப்பட்டன. இப்படி மாற்றும்போது பொம்மை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் திரையில் துள்ளும். தரையில் பென்சில் குறி போடுங்கள், மென்பொருளில் முந்தைய ஃப்ரேமை மங்கலாக மேலே வைத்துப் பொருத்துங்கள்.

பட்ஜெட் கூடியதும் உருவத்தை மெருகேற்றும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பொம்மையின் விறைப்பே பாதி ஜோக். 'அக்வா டீன்' குழு சுமார் 7,50,000 டாலரில் தொடரின் தட்டையான தோற்றத்தை அப்படியே வைத்துப் படத்தை முடித்தது. கூடுதல் பணம் இருந்தால் புது இடங்களுக்கும் ஒலிக்கும் செலவழியுங்கள்.

படி 9: திரையும் ஒலியும்

டி.வி.க்கு 16:9 என்ற அகல-உயர விகிதம் போதும். அரங்குக்கு 1.85 விகிதத்தில் 2கே என்ற டிஜிட்டல் திரையிடல் தரம் என்றால் 1998×1080 பிக்சல். ஸ்டோரிபோர்டு தாளிலேயே இந்த விகிதத்தில் ஒரு கட்டத்தை அச்சடித்துவிடுங்கள். ஐரோப்பியத் தொடர்கள் 25 ஃப்ரேமில் ஓடியவை. அதிலிருந்து பழைய காட்சியையோ இசையையோ எடுத்து 24-ல் போட்டால் 4 சதவீதம் மெதுவாகும், குரலும் கொஞ்சம் தடிக்கும். சுருதியைத் திருத்தாமல் விடாதீர்கள்.

கத்திப் பேசும் பாத்திரங்கள் வீட்டு டி.வி.யில் வேடிக்கை, அரங்கின் 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர் தடங்களும் ஒரு தாழ்சுருதித் தடமும் சேர்ந்தது) தலைவலி. வசனத்தை நடு ஸ்பீக்கரில் மட்டும் வையுங்கள். கத்தல் வரும்போது கீழே ஓடும் இசையை நிறுத்துங்கள், அடுத்த காட்சியில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கட்டும். கலவை முடிந்ததும் ஸ்டுடியோ ஹெட்ஃபோனை நம்பாமல், காலைக் காட்சிக்கு முன் ஏதாவது ஒரு அரங்கைக் கேட்டு வாங்கி, கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.