லீஸுக்கு வீடு பார்க்கிறீர்களா? டோக்கன் கொடுக்கும் முன்

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வில்லங்கம், அதாவது சொத்து யார் கைமாறி வந்தது, அதன்மேல் கடன் உண்டா என்ற பதிவு விவரம், போட்டுப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "சும்மா ஒரு தடவை பாத்துடுங்கண்ணே" என்பார்கள். பணம் கைமாறிய பிறகு பார்த்து என்ன?

ஆப்பில் வீடு பிடித்துவிட்டதா, முதலில் போட்டோவைப் பெரிதாக்குங்கள். ஒரு தங்கச்சி காட்டிய விளம்பரத்தில் 'கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் பக்கம்' என்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ பாலம் தெரிகிறது. நம் பக்கம் மெட்ரோ தண்டையார்பேட்டை தாண்டித்தான் தரைக்கு மேலே வருகிறது. கொருக்குப்பேட்டையில் ஏது பாலம்? கூகுள் லென்ஸில் போட்டோம். அதே ஹால், அதே நீலக் கதவு, வேறு ஊர் விளம்பரத்தில் இருந்தது. 'வெரிஃபைடு' என்ற டிக்கைப் பார்த்து மயங்காதீர்கள். பெரும்பாலும் போன் நம்பருக்கு ஓடிபி போய் வந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை.

புது அடுக்குமாடி, மனை விற்கிற ஏஜென்ட் என்றால் ரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள். ரெரா என்பது 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். தமிழ்நாடு ரெரா தளத்தில் ஏஜென்ட் பட்டியல் இருக்கிறது, பெயரை ஒப்பிட்டால் போதும். வாடகை, லீஸ் பார்க்கிற டீக்கடை புரோக்கரிடம் அந்த எண் இருக்காது. அது அவர் குற்றமில்லை. அவரை விட்டுவிட்டு ஓனரைத் தேடுங்கள்.

என் மச்சான் அதைச் செய்யவில்லை. மாடி வீடு, நாலு லட்சம் லீஸ்; மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. ஓனர் வெளிநாட்டில் என்று சொல்லி ஒருவர் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் மாதம் நிஜ ஓனர் வந்து, "வாடகை ஏன் வரல?" என்றார். அந்த ஆள் வீட்டை வாடகைக்கு எடுத்து மச்சானுக்கு லீஸ் விட்டிருக்கிறார்.

ஆகவே ஈபி பில், சொத்துவரி ரசீது, பத்திர நகல் மூன்றையும் வாங்கி, பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அப்பா பெயரில் ஈபி இருப்பது சகஜம்; ஏன் என்று கேளுங்கள். அப்புறம் பத்திர எண்ணையோ சர்வே எண்ணையோ வைத்துப் பதிவுத் துறையின் டிஎன்ரெஜினெட் தளத்தில் வில்லங்கம் பாருங்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை, என் கடைக்குக்கூட வர வேண்டாம். கடைசியாக 'எழுதி வாங்கியவர்' யார்? அவர்தான் உங்களிடம் பேசுகிறவரா? கடனுக்காக வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்த பதிவு இருந்து, அதற்குப் பிறகு கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் இல்லையென்றால் கடன் இன்னும் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓனர் தவணை கட்டாவிட்டால் ஏல நோட்டீஸ் நீங்கள் குடியிருக்கிற கதவில்தான் ஒட்டப்படும்.

பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். தண்ணி பிடிக்கிற நேரத்தில் போனால் கேட்காமலே சொல்வார்கள்.

பணத்தை ஓனர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். "ராணுவத்தில் இருக்கேன், க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணா உங்களுக்குப் பணம் வரும்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. தெரியாமல் பின் நம்பரைப் போட்டுப் பணத்தைத் தொலைத்துவிட்டால் பிரிண்ட் எடுக்க என்னிடம் ஓடி வராதீர்கள். அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போடுங்கள். பிரிண்ட் அப்புறம் எடுக்கலாம்.